கணினிக் கேள்வி – பதில்: சேலத்துச் சர்வர்கள் சென்னைக்கு

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி மொத்த வணிகம் செய்கிறோம். ஆர்டர் மென்பொருள் ஒரு சர்வரிலும், கணக்கும் கிடங்கு இருப்பும் அடங்கிய தரவுத்தளம் இன்னொன்றிலும், உள்ளூர் டேட்டா சென்டர் ஒன்றில் ஓடுகின்றன. இரண்டையும் சென்னைக்கு மாற்ற வேண்டும். இரவில் நிறுத்தி, வண்டியில் ஏற்றி, விடிவதற்குள் அங்கே மாட்டிவிடலாம் என்கிறார் எங்கள் கணினிப் பொறுப்பாளர். இது சரிவருமா, ஐயா?
– வாசகர், சேலம்

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சுமார் 340 கிலோமீட்டர் தொலைவு ஒரு தடையே அல்ல. ஆனால் ஆண்டுக்கணக்கில் நிற்காமல் சுழன்ற ஹார்ட் டிஸ்க், ஒருமுறை அணைத்துக் குளிர்ந்தபின் மீண்டும் சுழல மறுப்பதுண்டு. பயணக் குலுக்கலும் சேர்ந்துகொண்டால், காலையில் சென்னையிலும் சர்வர் ஓடாது, சேலத்திலும் ஓடாது.

இயந்திரத்தை விட்டுவிட்டுத் தரவை மட்டும் கொண்டுசெல்லுங்கள். சென்னையில் சர்வர்களை வாடகைக்கு எடுத்து, சேலத்தில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கோப்புகளை நகலெடுக்கத் தொடங்கலாம். நொடிக்கு 100 மெகாபிட் லைனில் 1 டெராபைட் போய்ச்சேர, முழு வேகம் கிடைத்தாலும் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், இதைக் கடைசி இரவுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. ஆர்சிங்க் போன்ற கருவி, முதல் நகலுக்குப் பின் மாறியவற்றை மட்டுமே அனுப்பும். தரவுத்தளத்துக்கு ரெப்ளிகேஷன் அமைத்துவிட்டால், சேலத்தில் விழும் ஒவ்வொரு பதிவும் உடனுக்குடன் சென்னையிலும் விழும். டி.என்.எஸ். (இணையப் பெயருக்குரிய சர்வரின் எண் முகவரியைச் சொல்லும் ஏடு) பதிவின் டி.டி.எல். (அந்த விடையைப் பிற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 86,400 நொடியாக இருந்தால், அதை 300 ஆகக் குறைப்பதை மாற்றத்துக்கு ஒரு நாளுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

மாற்றும் இரவில் சேலத்துத் தரவுத்தளத்தில் புதுப் பதிவுகளை நிறுத்தி, கடைசிப் பதிவும் சென்னைக்கு வந்துவிட்டதை உறுதிசெய்து, அதன்பின் சென்னைப் பிரதியை முதன்மையாக்கி, டி.என்.எஸ். பதிவைச் சென்னை முகவரிக்கு மாற்றுங்கள். வேலை தடைபடுவது இந்தச் சில நிமிடங்கள் மட்டுமே. பழைய முகவரியையே தேடி வருவோர் சிலர் இருப்பார்கள். அவர்களைச் சேலத்துச் சர்வரே சென்னைக்குத் திருப்பி அனுப்பும்படி சில நாள் அமைத்துவையுங்கள். வங்கி இணைப்புகள் பலவும் பதிவுசெய்த ஐ.பி. முகவரியை மட்டுமே ஏற்பதால், புது முகவரியை முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது.

பாதுகாப்புக்காக ஒவ்வொரு சர்வராக மாற்றும்படி உங்களுக்குச் சிலர் சொல்லக்கூடும். உங்கள் அமைப்புக்கு அது பொருந்தாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஒரு சர்வர் சேலத்திலும் மற்றது சென்னையிலும் இருந்தால், ஒவ்வொரு கேள்வியும் சென்னை போய்த் திரும்ப ஏறத்தாழ மூன்றரை மில்லிநொடி ஆகும். ஒரு திரையைக் காட்ட மென்பொருள் தரவுத்தளத்தை ஒன்றன்பின் ஒன்றாக 500 முறை கேட்டால், அந்தத் தாமதம் மட்டுமே இரண்டு நொடியை நெருங்கும். பேசிக்கொள்ளும் சர்வர்கள் இரண்டும் ஒரே இரவில் போவதுதான் முறை.

திரும்பிவரும் வழியையும் முன்னரே எழுதிவைக்க வேண்டும். பலர் மறக்கும் இடம் இது. சென்னையில் முதல் ஆர்டர் பதிவான பிறகு, சென்னையிலிருந்து சேலத்துக்கு எதிர்த்திசை ரெப்ளிகேஷன் இல்லாமல் பின்வாங்கினால் அந்த ஆர்டரை இழப்பீர்கள். எத்தனை மணிக்குள் எது சரியாகாவிட்டால் திரும்புவது, அதை யார் முடிவுசெய்வது என்பதை அன்றிரவு விவாதிக்கத் தொடங்கக் கூடாது.

ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யும் 11, 20 தேதிகளையும் மாத இறுதியையும் தவிருங்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா விடுமுறை வசதியாகத் தோன்றும். ஆனால் அன்று லைன் அறுந்தால் சரிசெய்ய ஆள் கிடைப்பது அரிது. சாதாரணச் சனிக்கிழமை இரவே மேல். சேலத்துச் சர்வர்களை, ஒரு மாதக் கணக்கு சென்னையில் பிழையின்றி முடியும்வரை வைத்திருந்து, டிஸ்க்குகளை முழுமையாக அழித்த பிறகே அங்கிருந்து எடுங்கள்.