நிழல் நேயர்கள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய கொரியப் பாடல்களின் தொகுப்பு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பாக் இன்-சூ என்பவர் 1970இல் பாடிய ‘பொம்பி’ என்ற பாடல் வந்தது. ‘வசந்த கால மழை’ என்று பொருளாம். ஒரு சொல்லும் புரியாவிட்டாலும், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் சோல் இசையை அந்தக் குரலில் தெளிவாகக் கேட்க முடிந்தது. தேடிப் படித்தபோது, கொரியாவில் இருந்த அமெரிக்கப் படையினருக்கான ஏ.எஃப்.கே.என். வானொலி வழியாகவே கொரியர்கள் இவ்விசையை அறிந்தனர் என்று கண்டேன்.

என் ஐயங்கள் இவை. இது ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ போலத் திட்டமிட்டுச் செய்யப்பட்ட பிரச்சாரம்தானே? அப்படியானால், ஓர் அந்நியப் படை கொண்டுவந்த இசையைக் கொரியர்கள் பாடியதை வெறும் நகல் என்று ஏன் சொல்லக் கூடாது? இவ்விசையைக் கேட்கத் தொடங்குபவர் எங்கிருந்து தொடங்கலாம்?

அன்புடன்,
ர., மதுரை

*

அன்புள்ள ர.,

உங்கள் முதல் ஐயத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கான பதிலில்தான் மற்றவையும் அடங்கியிருக்கின்றன. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவும் படை வானொலியும் ஒரே அரசின் இரண்டு கைகள் என்றாலும், அவை செய்த வேலை ஒன்றல்ல. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வெளிநாட்டாரை நோக்கிப் பேசியது. 1955 முதல் அதில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்திய வில்லிஸ் கோனோவர், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த நேயர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காகவே சொற்களை நிறுத்தி நிதானமாக உச்சரித்தவர். படை வானொலியின் அறிவிப்பாளருக்கோ அப்படிப்பட்ட நேயர் எவரும் கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டை விட்டு வந்த இருபது வயது அமெரிக்கப் படைவீரனுக்கு அவன் ஊர்ப் பாட்டையும் விளையாட்டுச் செய்தியையும் கொடுப்பதே அவருடைய வேலை. விளம்பரங்கள் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் வண்டியை மெதுவாக ஓட்டு, சேமிப்புப் பத்திரம் வாங்கு, பால்வினை நோயிலிருந்து உன்னைக் காத்துக்கொள் என்பன போன்ற அறிவிப்புகள் ஒலித்தன. ஒரு சியோல் இளைஞனை மயக்க நினைத்த பிரச்சாரகன் இவற்றை எழுதியிருக்க மாட்டான்.

ஆனால் மத்திய அலை முகாமின் முள்வேலியோடு நின்றுவிடாது. இரவில் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பிப் பகலைவிடப் பல மடங்கு தொலைவு செல்லும். தங்களுக்காக அல்லாத ஒலிபரப்பைக் கேட்ட இத்தகைய உள்ளூர் மக்களை அமெரிக்கப் படை வானொலிக்காரர்களே ‘நிழல் நேயர்கள்’ என்று குறிப்பிட்டார்கள். ஜெர்மனியில் ஏ.எஃப்.என்., ஜப்பானில் எஃப்.இ.என்., கொரியாவில் ஏ.எஃப்.கே.என். என்று படை சென்ற இடமெல்லாம் நிழலும் சென்றது.

கொரியாவில் இது போரின் நடுவிலேயே தொடங்கியது. 1950 அக்டோபரில் சியோலில் ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. போர்முனை நகர நகர, ‘வேகபாண்ட்’, ‘கில்ராய்’ என்றெல்லாம் பெயர் சூட்டப்பட்ட நடமாடும் நிலையங்களும் உடன் நகர்ந்தன. போர் முடிந்த பின்னும் படை அங்கேயே தங்கியதால் வானொலியும் தங்கிவிட்டது. எனினும் கொரியர் அனைவரும் அதைக் கேட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. உள்நாட்டில் தயாரான முதல் வானொலிப் பெட்டியான கோல்ட்ஸ்டார் ஏ-501 கடைக்கு வந்ததே 1959இல்தான் (அந்த நிறுவனமே இன்றைய எல்.ஜி.). கிராமங்களிலோ ஓரிடத்தில் ஒரே பெட்டியை வைத்து, அதிலிருந்து கம்பி இழுத்து வீடு வீடாக ஒலிபெருக்கி மாட்டியிருந்தார்கள். பெட்டியை வைத்திருப்பவர் எந்த நிலையத்தைத் திருப்புகிறாரோ அதுவே ஊர் முழுவதற்கும் கேட்கும். ஆகவே முள்ளைத் தானே திருப்பி, புரியாத மொழியில் ஒலிக்கும் நிலையம் ஒன்றில் நிறுத்திக்கொள்ளும் வசதி, நகரத்தில் சொந்தமாகப் பெட்டி வைத்திருந்தவர்களுக்கே இருந்தது.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் ஷின் ஜூங்-ஹியோன். 1938இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, கிட்டாரைத் தானாகவே கற்றுக்கொண்டவர். அவருக்கு ஆசானாக இருந்தவற்றில் ஏ.எஃப்.கே.என். முக்கியமானது. நீங்கள் கேட்ட ‘பொம்பி’ அவர் எழுதி இசையமைத்ததுதான்.

இங்கே, வானொலியே எல்லாவற்றையும் செய்தது என்னும் கதையைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. வானொலி ஒலியைக் கொடுத்தது. அந்த ஒலியைச் சோறாக மாற்றியது, கொரியாவில் இருந்த அமெரிக்க எட்டாம் படையின் பெயரால் எட்டாம் படை மேடை என்று கொரியர்கள் இன்றும் சொல்லும் முகாம் க்ளப்களின் மேடை. போரில் சிதைந்த நாட்டில் இசைக்கலைஞர்களுக்கு உறுதியான கூலி கிடைத்த இடம் அதுவே. அதில் ஏற வேண்டுமானால் படை அதிகாரிகள் முன் தேர்வு கொடுக்க வேண்டும். ஏஏ, ஏ, பி, சி, டி எனத் தரம் போடுவார்கள், தரத்தைப் பொறுத்துச் சம்பளம். தேர்வு ஒரு முறையோடு முடிவதுமில்லை, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மீண்டும் நடக்கும். இம்மாதம் அமெரிக்காவில் எந்தப் பாட்டு முன்னணியில் இருக்கிறதோ அது அடுத்த தேர்வுக்குள் கைக்கு வந்தாக வேண்டும் என்ற நிலையில், இசைக்குறிப்பும் கிடைக்காத கலைஞன் வேறு எங்கே போவான்? ஏ.எஃப்.கே.என். அவனுக்குப் பொழுதுபோக்கல்ல, பாடப்புத்தகம். ஆங்கில வரிகளைக் கொரிய எழுத்தில், காதில் விழுந்தபடியே எழுதிவைத்துப் பாடியவர்கள் பலர். முகாம் கடைகளிலிருந்து வெளியே கசிந்த இசைத்தட்டுகளை அச்செடுத்த ‘பெக்பான்’ என்னும் திருட்டுப் பிரதிகள் சியோலின் சங்கியேசியோன் பகுதியில் விற்கப்பட்டன. மலிவான பிரதி, மோசமான ஒலி, ஆனால் வேண்டிய பகுதியைத் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்கலாம், வானொலியில் அது முடியாது.

சரி, ஏன் சோல்? படை வானொலியில் அது எளிதில் இடம்பெற்றுவிடவில்லை. அமெரிக்கப் படையில் இனப் பாகுபாட்டை நீக்கும் ஆணையை அதிபர் ட்ரூமன் 1948இல் பிறப்பித்தார் என்றாலும், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே படைப்பிரிவில் சேர்ந்தது பெரும்பாலும் கொரியப் போரின்போதுதான். படைப்பிரிவுகள் கலந்த பிறகும் முகாமுக்கு வெளியே இருந்த க்ளப்கள் கலக்கவில்லை. கன்ட்ரி இசை ஒலிக்கும் க்ளப் வெள்ளையருக்கு, சோல் ஒலிக்கும் க்ளப் கறுப்பருக்கு என்று முகாம் ஊர்களின் தெருக்கள் பிரிந்து கிடந்தன. அங்கே வேலை செய்த கொரியப் பெண்களும் அவ்வாறே பிரிக்கப்பட்டார்கள். 1971 ஜூலையில் அன்ஜோங்-ரி என்னும் முகாம் ஊரில் க்ளப்களின் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பினப் படைவீரர்கள் கிளம்பியது பெரும் மோதலில் முடிந்தது. வியட்நாமிலும், படை வானொலியிலும் ஜூக்பாக்ஸ்களிலும் கன்ட்ரி பாட்டே நிறைந்திருக்கிறது, எங்கள் இசை எங்கே என்று அவர்கள் புகார் செய்ததற்குப் பதிவுகள் உள்ளன. இந்த அழுத்தங்களுக்குப் பிறகே சோல் இசைக்கென்று தனி நிகழ்ச்சிகள் வலுப்பெற்றன. லாஸ் ஏஞ்சல்ஸின் கறுப்பின அறிவிப்பாளர் ரோலண்ட் பைனம் நடத்திய நிகழ்ச்சி, தட்டுகளில் பதிவாகி உலகெங்குமுள்ள படை நிலையங்களுக்குச் சென்றது. ஆகவே ‘அந்நியப் படை கொண்டுவந்த இசை’ என்று நீங்கள் சொல்வதில் பாதிதான் உண்மை என்பேன். அந்தப் படைக்குள்ளேயே அந்நியராக நடத்தப்பட்டவர்கள் போராடிப் பெற்ற இடம் அது.

தெருவைப் பிரிக்க முடிந்தவர்களால் அலைவரிசையைப் பிரிக்க முடியவில்லை என்பதே இதில் என்னை மிகவும் ஈர்ப்பது. கன்ட்ரி பாட்டும் சோல் பாட்டும் ஒரே நிலையத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பாடுபவர் கறுப்பரா வெள்ளையரா என்பது சியோலில் கேட்டுக்கொண்டிருந்த இளைஞனுக்குத் தெரியாது, பல நேரங்களில் பாட்டின் பெயர்கூடத் தெரியாது. இது இன்னாருடைய இசை, இதை இப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லாததால், அவன் எடுத்துக்கொண்டது முழுக்க அவனுடைய தேர்வாகவே இருந்தது. நகல் என்னும் உங்கள் சொல்லை நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான். மேடையில் தேர்வுக்காகப் பாடியது நகல், அதை மறுப்பதற்கில்லை. நகலெடுக்கத்தான் கூலி கொடுத்தார்கள். ஆனால் வியட்நாம் போர் சூடுபிடித்த 1960களின் பிற்பகுதியில் முகாம் மேடை சுருங்கத் தொடங்கி, 1971இல் சுமார் 20,000 அமெரிக்க வீரர்கள் கொரியாவை விட்டே சென்றபோது, இக்கலைஞர்கள் தம் சொந்த மக்கள் முன் நிற்க வேண்டியதாயிற்று. அங்கே நகல் செல்லுபடியாகாது.

‘பொம்பி’யையே எடுத்துக்கொள்ளுங்கள். தூறலில் ஒருவன் தனியே நடக்கிறான், இந்த மழை என்னை அழவைக்கிறதே, எப்போது ஓயும் என்கிறான். பாட்டில் இருப்பது அவ்வளவுதான். முதல் அடிகளை அடக்கிப் பாடும் பாக் இன்-சூ, ‘பொம்பி’ என்ற சொல் வரும் இடத்தில் குரலைக் கிழித்துவிடுகிறார். சொல்லை முடிக்காமல் இழுத்து, உடைத்து, மீண்டும் பற்றுகிறார். இப்படிப் பாடும் முறை அமெரிக்காவினுடையது, ஐயமில்லை. அவர் போரில் தாயைப் பிரிந்து, அமெரிக்கப் படையினரிடையே வளர்ந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்கும் அனுப்பப்பட்டுத் திரும்பியவர் என்பதால், வானொலியில் மட்டும் கேட்டவரும் அல்லர். ஆனால் இதே பாட்டை அவருக்கு முன்பே வேறொருவர் பாடி வெளிவந்தும் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. இவர் பாடியதும் கொரியர்கள் தங்கள் பாட்டு என்று அதைப் பிடித்துக்கொண்டார்கள். போரில் ஒரு உறவையாவது தொலைக்காத குடும்பம் அரிதாக இருந்த நாட்டில் அக்குரலுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிபர் பாக் சுங்-ஹீயைப் புகழ்ந்து பாட்டெழுதச் சொல்லிவந்த கோரிக்கையை ஷின் மறுத்து, 1972இல் நாட்டின் மலைகளையும் ஆறுகளையும் பற்றி நீண்ட பாட்டு ஒன்றை வெளியிட்டார். 1975இல் இருநூற்றுக்கும் மேற்பட்ட கொரியப் பாடல்கள் தடை செய்யப்பட்டன. அவ்வாண்டு இறுதியில் கஞ்சா வழக்கில் கைதான ஷின், அதிபர் 1979இல் கொல்லப்படும் வரை மேடையேற முடியவில்லை. அத்தடைப் பட்டியல் உள்நாட்டு நிலையங்களைத்தான் கட்டுப்படுத்தியது. கொரியத் தணிக்கைக்கு வெளியே இருந்த ஏ.எஃப்.கே.என். வழக்கம்போல ஒலித்துக்கொண்டிருந்தது. சர்வாதிகாரியைத் தாங்கி நின்ற அதே படையின் வானொலியில்தான் தடைக்குத் தப்பிய இசையும் கிடைத்தது என்ற முரணை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது.

நமக்கும் படை வானொலிக்கும் ஓர் உறவு உண்டு என்பதை இங்கே இடைச்செருகலாகச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவில் இருந்த படையினருக்காகப் பிரிட்டிஷார் கொழும்பில் நடத்திய ‘ரேடியோ சீயாக்’கின் ஆற்றல் மிக்க ஒலிபரப்பி, 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. பி.வி. கேஸ்கர் இந்தியாவின் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்து, ஆகாசவாணி திரைப்பாடல்களை ஒதுக்கிய காலத்தில் தமிழ்நாடு காது கொடுத்துக் கேட்ட இலங்கை வானொலியின் வலிமை அங்கிருந்து வந்ததுதான். ஆனால் நம்மை வந்தடைந்தது படையினர் விட்டுச்சென்ற கருவி, அவர்களுடைய இசை அல்ல. கொரியாவோடு இதை ஒப்பிட்டு நீட்டிக்க நான் விரும்பவில்லை.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஷின்னின் ‘ஆட் ஃபோர்’ குழு 1964இல் ஒரு பாட்டைப் பதிவு செய்தது. வருவதாகச் சொன்னவள் வரவில்லையே என்று ஒருவன் பொருமும் பாட்டு. முதலில் அதைக் கேளுங்கள். அக்காலத்துக் கிட்டார் குழுக்களின் துள்ளலைத் தாண்டி அதில் பெரிதாக ஒன்றுமில்லை. பிறகு அதே பாட்டை ‘ஒரு கோப்பை காப்பி’ என்று பெயர் மாற்றி, முகாம் மேடையிலிருந்து வந்த பேர்ல் சிஸ்டர்ஸ் 1968இல் பாடியதைக் கேளுங்கள். வேகம் குறைந்து, தாளம் கனத்து, சகோதரிகள் இருவரும் தாளத்துக்குச் சற்றே பின்னால் நின்று பாடுகிறார்கள். அதன் பின் 1969இல் கிம் சூ-ஜா பாடிய, வியட்நாமிலிருந்து திரும்பும் சார்ஜென்ட் கிம்மைப் பற்றிய பாட்டுக்கு வாருங்கள். ‘பொம்பி’யை நீங்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள். இம்மூன்றுக்கும் பிறகு அதை மீண்டும் ஒருமுறை கேட்டு, நகல் என்ற சொல்லை இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று எழுதுங்கள்.

அன்புடன்.