கிறிஸ்டோபர் ஹில்லும் 17ஆம் நூற்றாண்டின் கலகச் சிந்தனையும்: கேள்வி பதில்

முதுகலை மாணவி ஒருவர்: 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் எளிய மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதை பிரிட்டிஷ் மார்க்சிய வரலாற்றாசிரியர் ஹில் எவ்வாறு அறிந்தார்?

அவர்களுடைய அச்சுப் பிரதிகளிலிருந்துதான். 1641இல் அச்சைக் கட்டுப்படுத்திவந்த ஸ்டார் சேம்பர் என்ற அரச நீதிமன்றம் ஒழிக்கப்பட்டதும் தணிக்கை குலைந்தது. கைவினைஞர்களும் படைவீரர்களும் தங்கள் கருத்துகளைத் துண்டுப்பிரசுரங்களாக வெளியிட்டனர். ஜார்ஜ் தாமசன் என்ற லண்டன் புத்தக வணிகர் 1640 முதல் 1661 வரை சேர்த்துவைத்த சுமார் 22,000 வெளியீடுகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. இத்தகைய பிரசுரங்களில் பித்தர்களின் உளறல் என்று பலர் ஒதுக்கியவற்றை ஹில் சிந்தனையாகவே மதித்து வாசித்தார். அவருடைய பணியில் நான் மிகவும் போற்றுவது இந்த மதிப்பைத்தான்.

ஆசிரியர் ஒருவர்: ஹில் எழுதிய கலகக்காரர்களுள் டிக்கர்கள் என்போர் யார்?

மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டு மூன்று மாதங்கள்கூட ஆகாத 1649 ஏப்ரலில், சர்ரே மாவட்டத்தின் செயின்ட் ஜார்ஜ் குன்றிலிருந்த பொது நிலத்தைக் கொத்தி, அவரைக்காயும் கேரட்டும் பயிரிடத் தொடங்கிய ஏழைகள் அவர்கள். பூமி எல்லோருக்கும் பொதுவான கருவூலம் என்று எழுதிய ஜெரார்ட் வின்ஸ்டன்லி, துணி வணிகத்தில் நொடித்துப்போய் மாடு மேய்த்துப் பிழைத்தவர். உள்ளூர் நிலவுடைமையாளர்கள் ஓராண்டுக்குள் அவர்களை விரட்டினர். 1972இல் வெளிவந்த ஹில்லின் புகழ்பெற்ற நூல் வின்ஸ்டன்லியைப் புதிய தலைமுறை வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது.

வாசகர் ஒருவர்: மார்க்சியர் என்பதால் அவருடைய பார்வை ஒருபக்கச் சாய்வு கொண்டதல்லவா?

1940இல் அவர் எழுதிய கட்டுரையில், 1640களில் மன்னராட்சியை வீழ்த்திய ஆங்கிலப் புரட்சியை முதலாளிவர்க்கப் புரட்சி என்ற சட்டகத்துக்குள் அடைக்கும் இறுக்கம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. 1957இல், ஹங்கேரி எழுச்சியைச் சோவியத் படை 1956இல் ஒடுக்கியதற்குப் பின், உட்கட்சி ஜனநாயகம் குறித்த கருத்துவேறுபாட்டால் அவர் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு விலகினார். 1965 முதல் 1978 வரை ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரித் தலைவராக இருந்தார். ஆயினும் மார்க்ஸைவிட, யார்க் நகரில் அவர் பிறந்து வளர்ந்த மெதடிஸ்ட் குடும்பமே அவருக்குப் பெரிய கொடை என்று நான் கருதுகிறேன்; விவிலிய மொழியில் பேசிய கலகக்காரர்களின் சொற்களைச் செவிகொடுத்துக் கேட்கும் பழக்கம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

ஆய்வு மாணவர் ஒருவர்: அவர்மீதான வலுவான விமர்சனம் எது?

1975இல் வரலாற்றாசிரியர் ஜே. எச். ஹெக்ஸ்டர், தம் முடிவுக்கு ஏற்ற மேற்கோள்களை மட்டும் ஹில் பொறுக்கியெடுக்கிறார் என்று குற்றஞ்சாட்டினார். அதைவிடக் கூர்மையானது 1986இல் மற்றொரு வரலாற்றாசிரியர் ஜே. சி. டேவிஸ் எழுப்பிய வாதம்: பாவம் என்பதையும் ஒழுக்க விதிகளையும் மறுத்ததாகச் சொல்லப்பட்ட, ஹில் விரிவாக எழுதிய ராண்டர்கள் என்ற குழு உண்மையில் இருந்ததே இல்லை, அஞ்சியவர்களும் எதிரிகளும் கட்டிய கதை அது என்றார். ஒழுங்கமைந்த குழுவாக அவர்கள் இயங்கவில்லை என்பதை ஏற்கலாம்; ஆனால் ராண்டர் என அழைக்கப்பட்ட அபியேசர் காப்பேயின் எழுத்துகள் நம் கையில் இருக்கும்போது, அத்தகைய சிந்தனையே இல்லை என்று கொள்ள என்னால் இயலவில்லை.