ஜப்பானில் நுழைவுத் தேர்வு இல்லாத கலைப் பள்ளியில் படித்த அனுபவம் எப்படி?

தேர்வே வைக்காமல் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் ஜப்பானியக் கலைப் பள்ளிகளில் படிப்பு எப்படி இருக்கும், அதை வைத்து விசா கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விசாவை முதலில் முடித்துவிடுகிறேன். கிடைக்காது. மாணவர் விசா அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்குத்தான். நான் வேலைக்காக டோக்கியோ வந்தவன். அந்த விசாவில் இருந்துகொண்டே வாரம் ஒரு நாள் போய்ப் படித்தேன். பட்டமும் கிடையாது, மாணவர் கட்டணத்தில் ரயில் பாஸும் கிடையாது.

நான் படித்தது ஜிம்போச்சோவில் இருக்கும் பிகக்கோ என்ற பள்ளியில். 'பி' என்றால் அழகு, 'கக்கோ' என்றால் பள்ளி. பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன வட்டாரம் அது. வெயில் பட்டுப் புத்தகம் வெளுத்துவிடக் கூடாது என்று பெரும்பாலான கடைகள் வடக்குப் பார்த்தே இருக்கும். கரி ரைஸ் எனும் குழம்புச் சோறு விற்கும் கடைகளும் ஏராளம். பசியோடு வகுப்புக்குப் போகாதீர்கள்.

பள்ளி தொடங்கிய ஆண்டு 1969. மாணவர் போராட்டத்தால் டோக்கியோ பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வையே நடத்த முடியாமல் போன ஆண்டும் அதுதான். தொடங்கியவர்கள் கெண்டாய் ஷிச்சோஷா என்ற பதிப்பகத்தார். மார்க்கி து சாத் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் எழுதியதை மொழிபெயர்த்து வெளியிட்டதற்காக அதன் உரிமையாளர் ஆபாச வழக்கில் தண்டனை பெற்றார். அங்கே பாடம் நடத்திய அகாசெகாவா கென்பேய் ஆயிரம் யென் நோட்டை அச்சடித்துக் கலைப்படைப்பாக்கி, கள்ள நோட்டுச் சட்டத்தில் மாட்டியவர். அவருக்கும் தண்டனை உறுதியானது. சிறைக்குப் போகாமல் தப்பினார். நம் ஊரில் இப்படிப்பட்டவரிடம் பிள்ளையை அனுப்பச் சொன்னால் எந்த அப்பா சம்மதிப்பார்? ஏறினால் எந்த வாசலுக்கும் போகாத படிக்கட்டு போன்றவற்றைத் தெருத்தெருவாகத் தேடிப் பதிவு செய்து, அவற்றுக்கு 'தொமாசன்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அந்தத் தேடலில் பிகக்கோ மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

தேர்வில்லாத பள்ளி இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். 1954 முதல் 2017 வரை நடந்த செட்சு மோட் செமினார் பள்ளியில் குலுக்கல் போட்டுத்தான் இடம் கொடுத்தார்கள். இதற்கு நேர் எதிர், டோக்கியோ கலைப் பல்கலைக்கழகம். எண்ணெய் வண்ண ஓவியப் பிரிவில் 55 இடங்கள்தான். அதற்காகப் பயிற்சிப் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் சாந்துச் சிலைகளைக் கரியால் வரைந்து, ரொட்டித் துண்டால் அழித்து, மறுபடி வரைகிறார்கள். என் வகுப்பில் அப்படி மூன்று முறை தோற்ற ஒருவர் இருந்தார். எங்கள் எல்லோரையும்விடக் கோடு அவருக்குத்தான் சுத்தமாக வந்தது. ஆனால் எதை வரைவது என்று தெரியாமல், படம் கீற வேண்டிய செப்புத் தகட்டின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு பாட்டி, வந்ததும் தன் பூனையை வரையத் தொடங்கிவிடுவார்.

நான் எடுத்தது செப்புத் தகட்டில் எட்சிங். தகட்டின் மேல் அமிலம் ஏறாத பூச்சைத் தடவி, ஊசியால் கீறி, கரைசலில் போட்டால் கீறிய இடத்தை மட்டும் அது அரிக்கும். பிறகு மை தேய்த்து, மிச்சத்தைத் துணியால் துடைத்து, நனைத்த காகிதத்தை மேலே வைத்து உருளையில் ஓட்ட வேண்டும். எளிதாகத் தோன்றும். துடைப்பதில்தான் உயிர் போகும்: கூடினால் கோட்டிலிருக்கும் மையும் போய்விடும், குறைந்தால் படம் முழுக்கப் புகை மூட்டம். எதுவும் மதிப்பெண்ணுக்கு அல்ல என்பதால் ஆசிரியர் அவசரப்படுத்தவே மாட்டார். வீட்டுப்பாடமும் இல்லை. நான் இரண்டு மாதம் ஒன்றுமே செய்யாமல் போய் வந்தேன்; யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இந்தச் சுதந்திரம் உங்களுக்கு ஒத்துவருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். வகுப்பு முழுக்க ஜப்பானிய மொழியில்தான் நடக்கும் என்பதையும்.

கடைசியில் ஒரு தகடு முடித்தேன். எதிரே வரும் டவுன் பஸ், நெற்றியில் 'ஸ்ரீரங்கம்' என்று பலகை. அச்சில் எல்லாம் இடம் வலமாகத் திரும்பும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். காகிதத்தைத் தூக்கியபோதுதான் நினைவுக்கு வந்தது. எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல் கிடந்தது. தமிழ் தெரியாத ஊர், யாருக்கும் தெரியாது என்று தேற்றிக்கொண்டேன். ஆசிரியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தியாவிலும் எங்களைப்போலத்தானே ஓட்டுவீர்கள்? ஏன் ஓட்டுநர் பஸ்ஸின் இடப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்?"