கேளுங்கள், சொல்கிறேன்: பக்கத்து வீட்டு மெக்சிகோ கர்ப்பிணி

(அமெரிக்காவில் இருக்கும் வாசகிகள் சிலர், தங்கள் அக்கம்பக்கத்து ஹிஸ்பானிக் பெண்களை (ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்க நாடுகளை வேராகக் கொண்டவர்கள்) பற்றிக் கேட்டவை இந்த வாரம். டெக்சாஸில் ஒரு தாய்சேய் மருத்துவமனையில் பல வருடம் உணவு ஆலோசகராக இருந்தவள் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.)

என் பக்கத்து வீட்டு மெக்சிகோ பெண் மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறாள். மூன்று வேளையும் டோர்ட்டியா என்ற மக்காச்சோள ரொட்டியும் பீன்ஸும்தான். பிரட்டுக்கு மாறச் சொல்லட்டுமா? (வாசகி, ஹூஸ்டன்)

வேண்டாம்மா, மாறச் சொல்லாதீர்கள். டோர்ட்டியாவும் பீன்ஸும் சேர்ந்தால் அது நல்ல சாப்பாடு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்து அரைப்பதால் கால்சியம் சேர்கிறது, சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசினும் உடம்புக்குக் கிடைக்கிறது. பீன்ஸில் புரதம், நார்ச்சத்து, ஃபோலேட் எல்லாம் இருக்கின்றன. மெக்சிகோவில் பிறந்து அமெரிக்கா வந்த பெண்களுக்கு, வருமானம் குறைவு, பலருக்குக் காப்பீடு இல்லை என்ற நிலையிலும், எடை குறைந்த குழந்தை பிறப்பது அவ்வளவு அதிகமில்லை. இதற்கு 'ஹிஸ்பானிக் முரண்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த அடுத்த தலைமுறையில் இந்த நன்மை தேய்ந்துவிடுகிறது. சிகரெட்டும் மதுவும் கூடுவது, பீன்ஸும் பழமும் குறைவது, உறவுகள் தள்ளிப் போவது எல்லாம் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அதனால் அவள் தட்டைப் பார்த்துப் பரிதாபப்படாதீர்கள்.

ஆனால் அந்தத் தட்டில் ஒரு குறை உண்மையிலேயே உண்டு, அது அவள் தவறால் வந்ததில்லை. அமெரிக்காவில் 1998 முதல் சத்தூட்டிய கோதுமை மாவு, பிரட், பாஸ்தா, அரிசியில் 100 கிராம் தானியத்துக்கு 140 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் (செயற்கையாகத் தயாரித்த ஃபோலேட்) சேர்ப்பது கட்டாயம். டோர்ட்டியாவுக்கான மாசா மாவை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. நாட்டின் பெரும்பான்மையினர் சாப்பிடுவதில் சேர்த்துவிட்டு, கோடிக்கணக்கான வீடுகளில் தினமும் சாப்பிடுவதை விட்டுவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம். 2016-இல்தான் மாசாவில் சேர்க்க அனுமதி கிடைத்தது, அதுவும் விருப்பப்பட்டால். கலிஃபோர்னியா சட்டம் போட்டு 2026 ஜனவரி முதல் கட்டாயமாக்கியிருக்கிறது.

ஃபோலிக் அமிலம் போதாவிட்டால் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் சரியாக மூடாமல் போகலாம். 1991-இல் டெக்சாஸின் எல்லை ஊரான பிரவுன்ஸ்வில்லில் 36 மணி நேரத்துக்குள் மூன்று குழந்தைகள் மூளை வளராமல் பிறந்தபோதுதான் அந்தப் பகுதியின் நிலைமை வெளியே தெரிந்தது. அமெரிக்காவில் ஹிஸ்பானிக் பெண்களின் குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகம் என்பது இன்றைக்கும் மாறவில்லை. கரு தரித்து 28 நாளுக்குள் அந்தக் குழாய் மூடிவிடும், பலருக்கு அப்போது விஷயமே தெரிந்திருக்காது. உங்கள் தோழிக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது, ஆனாலும் மருத்துவமனையில் தரும் வைட்டமின் மாத்திரையைத் தொடரட்டும். அடுத்த குழந்தையை நினைக்கும் தங்கை, மைத்துனி யாராவது இருந்தால், இப்போதிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், மாசா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து ஃபோலிக் அமிலம் சேர்த்ததை வாங்கினால் போதும், டோர்ட்டியாவை விட வேண்டியதில்லை.

இன்னொன்று, ஹிஸ்பானிக் என்று ஒரே பெயரில் சொன்னாலும் (2020 கணக்கெடுப்பில் 6.21 கோடிப் பேர்) எல்லோரும் ஒரே மாதிரி சாப்பிடுவதில்லை. போர்ட்டோ ரிக்கோ, கியூபா வீடுகளில் சோறும் வாழைக்காயும்தான் அதிகம். இங்கே நான் சொன்ன சோளக் கதை மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பெண்களுக்கே பொருந்தும்.

வீட்டில் செய்த வெள்ளைச் சீஸ் கொண்டுவந்து தருகிறார்கள். கர்ப்பிணி சாப்பிடலாமா? (வாசகி, யாகிமா, வாஷிங்டன்)

பச்சையாக வேண்டாம். கேசோ ஃப்ரெஸ்கோ என்ற அந்த மிருதுவான சீஸை காய்ச்சாத பாலில் செய்தால் லிஸ்டீரியா என்ற கிருமி இருக்கலாம். ஃப்ரிட்ஜ் குளிரிலும் அது வளரும். தாய்க்கு லேசான காய்ச்சல், உடம்பு வலி என்று ஃப்ளூ மாதிரிதான் தெரியும், சாப்பிட்டுச் சில வாரம் கழித்துக்கூட வரும் என்பதால் சீஸை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. குழந்தையோ வயிற்றிலேயே இறந்துபோகலாம். 1985-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் கடையில் விற்ற மெக்சிகோ வகைச் சீஸால் 142 பேருக்கு நோய் வந்து 48 பேர் இறந்தார்கள், அதில் 30 பேர் கருவில் இருந்த சிசுக்களும் பிறந்த குழந்தைகளும். கர்ப்பமாக இருக்கும் ஹிஸ்பானிக் பெண்களுக்கு லிஸ்டீரியா வரும் வாய்ப்பு பொதுமக்களைவிட சுமார் 24 மடங்கு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்கிறது.

பாஸ்டுரைஸ் செய்த (சூடாக்கிக் கிருமி நீக்கிய) பாலில் செய்தது என்று லேபிளில் போட்டிருந்தாலும், செய்யும் இடம் சுத்தமில்லாமல் பிறகு கிருமி ஏறியது உண்டு. சூப்பிலோ எஞ்சிலாடாவிலோ போட்டு ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்கினால், அதாவது 74 டிகிரி செல்சியஸ் தொட்டால், பயமில்லை.

நீங்கள் யாகிமாவிலிருந்து எழுதியதால் சொல்லியே ஆக வேண்டும். 1997-இல் உங்கள் ஊர்ப் பக்கம் பச்சைப்பால் சீஸால் சால்மொனெல்லா பரவியது. யாரையும் திட்டவில்லை, சீஸுக்குத் தடை என்று அறிவிக்கவும் இல்லை. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் அங்கிருந்த பாட்டிமாரை அழைத்து, பாஸ்டுரைஸ் செய்த பாலில் அதே ருசி வரும் செய்முறையைக் கண்டுபிடித்தார்கள். பிறகு அந்தப் பாட்டிமாரே மற்ற பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள், நோயும் குறைந்தது. அபுவேலா திட்டம் என்று பெயர், அபுவேலா என்றால் பாட்டி. மருத்துவமனையில் நாங்கள் ஒட்டிய போஸ்டர்களை யாரும் படித்ததில்லை, பாட்டி சொன்னால் கேட்டார்கள். உங்கள் ஊரில் அதைக் கற்றவர்கள் இன்னும் இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டார் எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ போய் மாத்திரை வாங்கி வருகிறார்கள். கை மருந்தும் நிறைய. எதற்குப் பயப்பட வேண்டும்? (வாசகி, எல் பாசோ)

முதலில் கை மருந்து. மன்சானில்லா என்ற சாமந்தி வகைப் பூ டீ, புதினா டீ எல்லாம் ஓரிரு கோப்பை குடிப்பதற்கு நான் யாரையும் தடுத்ததில்லை. ருடா வேறு விஷயம். அது கருப்பையைச் சுருங்க வைக்கும், கருவைக் கலைக்கவே பயன்பட்ட செடி அது, கர்ப்பிணி தொடக்கூடாது. எம்பாச்சோ என்று அவர்கள் சொல்லும் வயிற்றுக்கோளாறுக்கு கிரேத்தா, அசர்கோன் என்று மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் ஒரு பொடி கிடைக்கும். அது ஈய ஆக்சைடு, 90 சதவீதம் வரைகூட ஈயமாக இருக்கலாம். யார் வீட்டில் பார்த்தாலும் உடனே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். மெருகு பூசிய மண்பானையில் பீன்ஸ் வேகவைத்தாலும் ஈயம் இறங்கும், மண் தின்னும் ஆசையாலும் உள்ளே போகும். சின்ன வயதில் உடம்பில் சேர்ந்த ஈயம் எலும்பில் தங்கி, கர்ப்ப காலத்தில் கால்சியத்தோடு ரத்தத்துக்கு வந்து குழந்தையைச் சேர்கிறது. அதனால் அந்தப் பெண்களுக்கு ஈயத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள்.

மாத்திரை விஷயத்தில், மெக்சிகோவில் 2010 முதல் ஆன்டிபயாடிக்குக்குச் சீட்டு கட்டாயம், ஆனாலும் பழைய அட்டைகள் வீட்டில் கிடக்கும். டெட்ராசைக்ளின் குழந்தையின் பல்லில் கறையாக நிற்கும். டிபிரோன் வலி மாத்திரையை அமெரிக்கா 1977-இலேயே நிறுத்திவிட்டது, எல்லைக்கு அந்தப் பக்கம் சாதாரணமாகக் கிடைக்கும். ஐபுப்ரோஃபென்கூட 20 வாரத்துக்குப் பிறகு டாக்டர் சொல்லாமல் கூடாது. இவ்வளவையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை, அவர்களிடம் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போகச் சொல்லுங்கள். 'மருந்து எடுக்கிறீர்களா' என்று கேட்டால் இல்லை என்பார்கள், அந்தப் பொடியும் டீயும் மருந்து என்ற கணக்கிலேயே வராது. ஆனால் தைராய்டுக்கோ வலிப்புக்கோ டாக்டர் தந்த மாத்திரையைப் பயந்து தானாக நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து.

சூடு, குளிர்ச்சி என்ற கணக்கு அவர்களிடமும் உண்டு. நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோ பெண்கள் பலர் இரும்பு மாத்திரையும் வைட்டமினும் சூடு என்று ஒதுக்கினார்கள். அதைக் கவனித்தவர்கள் 1970-களின் தொடக்கத்திலேயே ஒரு வழி சொன்னார்கள், குளிர்ச்சி என்று கருதும் பழச்சாறோடு எடுக்கட்டும் என்று. ஆரஞ்சுச் சாற்றின் வைட்டமின் சி இரும்பை நன்றாக உறிஞ்ச வைக்கும் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. கர்ப்பகால சர்க்கரை இருந்தால் மட்டும் சாறு வேண்டாம், முழு ஆரஞ்சாகச் சாப்பிடட்டும்.

கொஞ்சம் பீர் குடித்தால் பால் ஊறும் என்கிறாள் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியின் அத்தை. (வாசகி, டாலஸ்)

மெக்சிகோவின் சில கிராமங்களில் புல்கே என்ற கற்றாழைக் கள்ளைக் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் குடிப்பது பழைய வழக்கம், அத்தை மனதில் அதுதான் இருக்கிறது. கர்ப்பத்தில் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை, பாலையும் மது கூட்டாது. அத்தைக்கு மாற்று வேண்டுமென்றால் சர்க்கரை குறைத்த ஆத்தோலே கஞ்சியைச் சொல்லுங்கள். காபி, கோலா எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபீனுக்குள் இருக்கட்டும்.

என் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் குடியேற்ற ஆவணம் இல்லை, எங்கும் போகப் பயப்படுகிறாள். (வாசகி, ஹூஸ்டன்)

விக் என்ற உணவு உதவித் திட்டத்தில் குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை. கர்ப்பிணிகள், குழந்தை பெற்ற தாய்மார்கள், சின்னக் குழந்தைகளுக்கு என்றே உள்ள திட்டம், பல இடங்களில் ஸ்பானிஷ் பேசும் ஊழியர்கள் இருப்பார்கள். பீன்ஸ், பால், பழம் கிடைக்கும், 2009-இலிருந்து அந்தப் பட்டியலில் சோள டோர்ட்டியாவும் இருக்கிறது. முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள்.