ஊரே வாங்கிய பப்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேல்ஸில் ஒரு கிராமத்து மக்கள் பணம் போட்டு ஒரு பப்பை வாங்கி நடத்துகிறார்கள், அதனால் அவர்கள் மொழியும் பிழைக்கிறது என்று படித்தேன். குடிக்கிற இடத்துக்கும் மொழிக்கும் என்ன சம்பந்தம்? பள்ளிக்கூடம் போதாதா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இந்தச் சந்தேகம் வேல்ஸ்காரர்களுக்கே நெடுங்காலம் இருந்தது. அங்கே வெல்ஷ் மொழியைத் தாங்கிப் பிடித்தவை சேப்பல்கள் (ஆங்கிலிக்கன் சபையில் சேராத புரொட்டஸ்டன்டுகளின் வழிபாட்டுக்கூடங்கள்), அந்தச் சேப்பல்காரர்களோ மதுவுக்குக் கடும் எதிரிகள். அவர்கள் போராடியதால்தான் 1881-இல் வேல்ஸுக்கென்றே ஒரு சட்டம் வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பப்புகள் மூடப்பட்டன. 1961-க்கு அப்புறம் வட்டாரவாரியாக வாக்கெடுப்பு நடத்தித் தடையை நீக்கிக்கொண்டே வந்தார்கள். கடைசிவரை விடாமல் நின்ற துய்வோர் வட்டாரத்தில் ஞாயிற்றுத் தடை நீங்கியது 1996-இல்தான்.

நீங்கள் படித்தது அந்த வட்டாரத்தில் இருக்கும் லித்வைன் பற்றியதாக இருக்கலாம். லீன் தீபகற்பத்தில், கருங்கல் குவாரிகளை நம்பி வாழ்ந்த ஊர். அங்கே மூடிக்கிடந்த விக்டோரியா பப்பை 1988-இல் ஊர்க்காரர்கள் கூட்டுறவாகத் திறந்தார்கள், இப்போது அதன் பெயர் 'டாவர்ன் அ விக்'. ஞாயிறன்று கடை திறக்கக் கூடாது என்றிருந்த வட்டாரத்தில் ஊரே சேர்ந்து ஒரு பப்பைத் திறக்கிறது என்றால், அவர்கள் அதைக் குடிக்கிற இடமாக மட்டும் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

சரி, பள்ளிக்கூடம் போதாதா என்கிறீர்கள். போதாது என்பதுதான் என் எண்ணம். 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 5,38,000 பேர், 17.8 சதவீதம். அதற்குப் பத்தாண்டு முன்பு 19 சதவீதம். பள்ளியில் படித்த பிள்ளை வெளியே வந்து யாரிடம் பேசும்? இருமொழி தெரிந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு: ஐந்து பேர் வெல்ஷில் பேசிக்கொண்டிருக்கும்போது, அது தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும், மரியாதைக்காக எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், அவர் எழுந்து போன பிறகும் பேச்சு பல நேரம் திரும்பி வராது. லீன் பகுதியில் கோடைக்கு மட்டும் திறக்கிற விடுமுறை வீடுகள் ஏராளம், உள்ளூர் இளைஞர்கள் வீட்டு விலை கட்டுப்படியாகாமல் வெளியேறுகிறார்கள். சேப்பல்களிலும் கூட்டம் குறைந்துபோச்சு. இந்த நிலையில் கவுண்டரில் நிற்பவர் முதல் வார்த்தையை வெல்ஷில் சொல்கிற ஒரு இடம் இருப்பது சின்ன விஷயம் இல்லை. அங்கே வெல்ஷ் பேசுவதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. லித்வைனிலிருந்து கடலை நோக்கி இறங்கினால் நான்ட் குர்தெய்ர்ன், கைவிடப்பட்ட குவாரி கிராமம், இப்போது பெரியவர்களுக்கு வெல்ஷ் சொல்லித்தரும் மையம். வகுப்பில் கற்ற மொழி வாயில் பழக, வகுப்புக்கு வெளியே இப்படி ஒரு இடம் வேண்டாமா?

கேள்வி: இப்படி வாங்கும் பப்புக்கு உரிமையாளர் யார்? பணக்காரர் ஒருவர் நிறையப் பங்கு வாங்கி வளைத்துப்போட முடியாதா? (அதே வாசகர்)

பதில்: பொதுவாக முடியாது. இத்தகைய சங்கங்களில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான் என்பதே வழக்கம். பெம்ப்ரோக்‌ஷயரில் ரோஸ்புஷ் என்ற ஊரில் 'டாவர்ன் சிங்க்' என்ற பப் இருக்கிறது, 1876-இல் ரயில் வந்தபோது தகரத்தால் கட்டிய ஹோட்டல், தரையில் இன்னும் மரத்தூள் தூவுகிறார்கள். 2017-இல் விற்பனைக்கு வந்தபோது ஊர்க்காரர்கள் பங்கு ஒன்று 200 பவுண்டு என்று திரட்டி, 3 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்த்து வாங்கினார்கள். நடிகர் ரிஸ் இவான்ஸும் பங்கு எடுத்தார். இதில் லாபத்தை எதிர்பார்த்துப் பணம் போட்டவர்கள் அதிகம் இருந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கடை மூடினால் அந்தக் கட்டடமும் விடுமுறை வீடாகிவிடும் என்ற பயம் இதுபோன்ற ஊர்களில் நிஜமானது.