இரட்டைச் சர்வர்களுக்குப் பெயரும் முகவரியும்

கேள்வி: ஒன்று நின்றுபோனால் மற்றொன்று பொறுப்பேற்கும்படி இரண்டு லினக்ஸ் சர்வர்களை அமைக்க இருக்கிறோம். ஒவ்வொன்றிலும் மூன்று நெட்வொர்க் போர்ட்டுகள் உள்ளன. இவற்றுக்கு ‘மாஸ்டர்’, ‘பேக்கப்’ என்று பெயர் வைக்கலாமா? எந்தப் போர்ட்டை எதற்குப் பயன்படுத்துவது?

பதில்: அந்தப் பெயர்களை வைக்க வேண்டாம். பொறுப்பு இன்று ஓர் இயந்திரத்திடம் இருக்கும், நாளை மற்றொன்றிடம் போகும். இயந்திரத்தின் பெயரோ மாறாது. கோளாறு நேர்ந்த நள்ளிரவில் ‘பேக்கப்’ என்ற பெயருள்ள சர்வர் முழு வேலையையும் பார்த்துக்கொண்டிருக்க, லாக் கோப்பைப் படிப்பவர் தவறான இயந்திரத்தை ரீஸ்டார்ட் செய்துவிடும் வாய்ப்பு மிக அதிகம். ‘நோட்1’, ‘நோட்2’ போன்ற பொதுவான பெயர்களே போதும். இவ்விரண்டையும் தவிர மூன்றாவதாக, சேவைக்கென்று ஒரு பெயர் வேண்டும்; பயனர்களுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

முகவரிகளுக்கும் இதே கணக்குத்தான். நோட்1-க்கு 192.0.2.11, நோட்2-க்கு 192.0.2.12 என்று வைத்துக்கொண்டால், சேவைப் பெயர் 192.0.2.10 என்ற மிதக்கும் முகவரியை, அதாவது பொறுப்பில் உள்ள சர்வருக்கு மாறிச் செல்லும் முகவரியை, சுட்ட வேண்டும். அந்த மூன்றாவது முகவரியை எந்தச் சர்வரின் நிரந்தர நெட்வொர்க் அமைப்பிலும் எழுதிவிடக் கூடாது. அதைச் சேர்ப்பதும் நீக்குவதும், பொறுப்பு மாற்றத்தைக் கவனிக்கும் மென்பொருளான கீப்அலைவ்டி அல்லது பேஸ்மேக்கரின் வேலை. கோப்பில் எழுதி வைத்தால், பழுதான சர்வர் மீண்டும் எழுந்தவுடன் இரண்டும் ஒரே முகவரிக்கு உரிமை கோரும்.

பெயர்களுக்கு உரிய முகவரிகளைப் பட்டியலிடும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். டெபியன், உபுண்டு ஆகியவற்றை நிறுவும்போது சர்வரின் சொந்தப் பெயருக்கு எதிரே 127.0.1.1 என்ற முகவரி எழுதப்படுவது வழக்கம். தனியாக இயங்கும் கணினிக்கு இதனால் பாதகமில்லை. ஆனால் சர்வர்கள் ஒன்றையொன்று கண்காணிக்க உதவும் கோரோசிங்க் மென்பொருளின் அமைப்பில் முகவரிக்குப் பதிலாகப் பெயரைக் கொடுத்திருந்தால், அந்தப் பெயர் தன்னையே சுட்டும் உள்முகவரியாக மாறி, இரண்டு சர்வர்களும் ஒன்றையொன்று காணாமல் தனித்தனியே நின்றுவிடும். அந்த வரியை நீக்கி, இரண்டு பெயர்களையும் உண்மையான முகவரிகளோடு இரு சர்வர்களிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். இரு சர்வர்களின் வட்டுகளிலும் ஒரே தரவை வைத்திருக்க உதவும் டிஆர்பிடி மென்பொருளைப் பயன்படுத்துவதாக இருந்தால், அதன் அமைப்பில் உள்ள பெயர் ‘யூநேம் -என்’ கட்டளை காட்டும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

இனி போர்ட்டுகள். ‘இஎன்பி3எஸ்0’ போன்ற பெயர்கள், அட்டை செருகப்பட்டுள்ள பிசிஐ இடத்தைக் கொண்டு அமைபவை. ஒரே மாடல் சர்வர்களாக இருந்தாலும் அட்டை வேறு ஸ்லாட்டில் இருந்தால் பெயரும் வேறாகும். ஒன்றுக்கு எழுதிய அமைப்பை மற்றொன்றுக்கு நகலெடுக்க முடியாது. ஆகவே லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யின் லிங்க் கோப்பில் மேக் முகவரியை (போர்ட்டின் வன்பொருள் அடையாள எண்) குறிப்பிட்டு, ‘லேன்0’, ‘லேன்1’, ‘எச்பி0’ என்று நீங்களே பெயரிடுங்கள். ‘ஈத்0’ என்ற வடிவம் மட்டும் வேண்டாம். கெர்னல் தானாக வழங்கும் பெயரோடு அது மோதும்.

முதல் இரண்டு போர்ட்டுகளையும் பாண்டிங் முறையில் ஒரே இணைப்பாகச் சேர்த்து, ஒன்று இயங்க மற்றது தயாராகக் காத்திருக்கும் ஆக்டிவ்-பேக்கப் நிலையில் வைத்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஸ்விட்சில் செருகுங்கள். இணைப்பைக் கண்காணிக்கும் ‘எம்ஐஐமான்’ மதிப்பை 100 மில்லிசெகண்டு என்று வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள். மூன்றாவது போர்ட்டான ‘எச்பி0’-ஐ ஹார்ட்பீட்டுக்கென, அதாவது சர்வர்கள் தாம் இயங்குவதை ஒன்றுக்கொன்று தெரிவிக்கும் சமிக்ஞைக்கென, ஒதுக்கி, இரு சர்வர்களுக்கும் இடையே நேரடிக் கேபிள் போடுங்கள். 10.255.0.1, 10.255.0.2 என்று இரண்டே முகவரிகள் போதும், கேட்வே தேவையில்லை.

இந்தக் கேபிள் ஒன்றையே நம்பியிருக்கக் கூடாது என்பதை அழுத்தமாகவே சொல்கிறேன். அது கழன்றால், இரு சர்வர்களும் மற்றது செத்துவிட்டதாக எண்ணி ஒரே நேரத்தில் பொறுப்பேற்கும்; இருபுறமும் தரவு எழுதப்பட்டுவிட்டால் அவற்றை ஒன்று சேர்ப்பது பெரும்பாடு. லேன் வழியையும் இரண்டாவது ஹார்ட்பீட் பாதையாகச் சேருங்கள். கோரோசிங்க் 3 எட்டுப் பாதைகள் வரை ஏற்கும். அதோடு, பதில் சொல்லாத சர்வரின் மின்சாரத்தையே துண்டிக்கும் ஃபென்சிங் ஏற்பாடும் அவசியம். இரண்டே சர்வர்கள் உள்ள அமைப்பில் பெரும்பான்மை என்று ஒன்று இல்லாததால், தரவு வட்டைப் பகிர்ந்துகொள்ளும் எவரும் இதைத் தவிர்க்கக் கூடாது.

கேள்வி: பொறுப்பு சரியாக மாறிவிடுகிறது. ஆனாலும் சில கணினிகள் மட்டும் சிறிது நேரம் சேவையை அடைய முடிவதில்லை. ஏன்?

பதில்: புதிய சர்வர் முகவரியை ஏற்றவுடன், ‘இது இப்போது என் மேக் முகவரியில் உள்ளது’ என்று யாரும் கேட்காமலே ஏஆர்பி அறிவிப்பை (ஐபி முகவரி எந்த மேக் முகவரியில் உள்ளது என்று தெரிவிப்பது) அனுப்பும். ரவுட்டரோ ஸ்விட்சின் பாதுகாப்பு விதியோ அதைப் புறக்கணித்தால், பழைய பதிவு காலாவதியாகும் வரை பாக்கெட்டுகள் பழைய சர்வருக்கே போகும். பாதிக்கப்பட்ட கணினியில் ஏஆர்பி அட்டவணையைப் பாருங்கள். வேறு சப்நெட்டில் உள்ள கணினியாக இருந்தால், பார்க்க வேண்டியது ரவுட்டரின் அட்டவணையை. அங்கே பழைய மேக் முகவரி இருந்தால் காரணம் இதுதான். பதிவு சரியாக இருந்தும் இணையவில்லை என்றால், அந்தக் கணினியில் சேவைப் பெயருக்குப் பதிலாக 192.0.2.11 என்று நோட்1-இன் முகவரியையே யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள்.