ரிங்கில் ஏறும் முன் வயிற்றைக் கலக்குகிறதா?

கேள்வி: 6 மாதமாக பாக்ஸிங் கற்றுக்கொள்கிறேன் அண்ணா. மாஸ்டர் கையில் பிடிக்கும் பேடில் குத்தும்போது அவரே பாராட்டுகிறார். ஆனால் நாளைக்கு ஸ்பாரிங் (இன்னொருவரோடு பயிற்சிச் சண்டை) என்றால் இன்றைக்கே தூக்கம் போய்விடுகிறது. உள்ளே போன ஒரு நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது, அடி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன். நான் இதற்கு லாயக்கில்லையா?
- கல்லூரி மாணவர், ராயபுரம்

பதில்: தம்பி, லாயக்கு என்ற பேச்சையே விடு. பேட் திருப்பி அடிக்காது, எதிரில் நிற்பவன் அடிப்பான், அது உன் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அட்ரினலின் ஏறினால் நெஞ்சு படபடக்கும், நாக்கு வறளும், சும்மா சும்மா பாத்ரூம் போகத் தோன்றும். பல போட்டிகள் ஆடியவனுக்கும் இதெல்லாம் வரும்.

ஒரு நிமிடத்தில் மூச்சு வாங்குவது பெரும்பாலும் ஸ்டாமினா குறைவால் இல்லை. பயத்தில் தோளை இறுக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்து வைத்திருப்பாய். என் முதல் போட்டியில் எனக்கும் இதுதான் நடந்தது, முதல் ரவுண்டு முடிந்து மூலையில் உட்கார்ந்தபோது கையைத் தூக்கவே முடியவில்லை. அதனால் ஒவ்வொரு குத்துக்கும் 'உஷ்' என்று சத்தம் வர மூச்சை வெளியே விடு, அடி வாங்கும்போதும் விடு. ஏறுவதற்கு முன் மூக்கால் 4 எண்ணி இழுத்து, வாயால் 6 எண்ணி விடு, பத்து முறை. அப்புறம், உன் முறை வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் அடிபடுவதைப் பார்த்துக்கொண்டிருக்காதே, அந்தக் காத்திருப்புதான் ஆளைத் தின்றுவிடும். ஸ்கிப்பிங் ஆடு, எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக் காற்றில் குத்தி ஷேடோ போடு, வியர்த்த உடம்போடு உள்ளே போ.

கண் மூடுவது தானாக நடக்கும் விஷயம், வெட்கப்பட ஒன்றுமில்லை, பழகப் பழகக் குறையும். கிளவுஸைப் பார்க்காமல் எதிராளியின் நெஞ்சைப் பார். மாஸ்டரிடம் போய், "பயமா இருக்கு மாஸ்டர், இன்னைக்கு ஜாப் மட்டும், லைட்டா ஒரு ரவுண்டு" என்று வாய்விட்டுக் கேள் (ஜாப் என்றால் முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்து). ஸ்பாரிங்கில் யாரும் பாயின்ட் போடுவதில்லை. அவன் ஒரு ஜாப் விட்டால் நான் ஒன்று திருப்பி விடுவேன் என்று ஒரே ஒரு வேலையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போ, மனசு அந்த வேலையில் இறங்கிவிட்டால் பயத்துக்கு இடம் குறையும்.

ஆனால் ஒரு பயத்தை மட்டும் மதிக்க வேண்டும். உன்னைவிட 15 கிலோ கூடுதலாக இருப்பவன் முழு வேகத்தில் அடிக்கிறான், யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்றால், கையைத் தூக்கிவிட்டு இறங்கி வந்துவிடு, அது கோழைத்தனம் இல்லை. ஹெட்கார்டு காயத்தைத் தடுக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. அடிபட்ட பிறகு தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ, அவர் சரி என்று சொல்லும்வரை ரிங் பக்கமே போகாதே.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் அழுதுவிடுகிறாள். நிறுத்திவிடலாமா?
- ஒரு தாய், தூத்துக்குடி

பதில்: அழுகை மட்டும்தான் காரணம் என்றால் வேண்டாம் அம்மா. 1982இல் ஜூனியர் ஒலிம்பிக்ஸ் போட்டிக்கு முன் மைக் டைசன் அரங்குக்கு வெளியே நின்று அழுவதும், பயிற்சியாளர் டெடி அட்லஸ் அவரை அணைத்துத் தேற்றுவதும் வீடியோவாகவே இருக்கிறது. நான்கே வருடத்தில், 20 வயதில், அவர் ஹெவிவெயிட் உலக சாம்பியன். உங்கள் மகளும் சாம்பியன் ஆவாள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, அழுதுகொண்டே ஏறியவர்களும் நன்றாக ஆடியிருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

தொடரலாமா வேண்டாமா என்பதைப் போட்டியன்று கேட்காதீர்கள். போட்டி முடிந்து நான்கைந்து நாள் கழித்து, சாவகாசமாக இருக்கும்போது, "உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த நிமிடமே விட்டுவிடுங்கள். பிடிச்சிருக்கு என்றால், அடுத்த போட்டியன்று 3 மணி நேரம் முன்பே இரண்டு இட்லி கொடுத்துவிட்டு, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருங்கள். அழுதால் அழட்டும்.